பேனலில் பெயர் இல்லை: மனுவா, வழக்கா, விட்டுவிடுவதா?

பதவி உயர்வுப் பட்டியலை அலுவலகங்களில் பேனல் என்றே சொல்வார்கள். அது வெளிவந்த அன்று மாலை, பெயர் விடுபட்டவருக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. "மேலே ஒரு மனு போட்டு வையுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்பார் ஒருவர். "ஹைகோர்ட்டுக்குப் போனால் பட்டியலே நின்றுவிடும்" என்பார் சங்கத்துக்காரர். "இன்னும் நாலு வருடம்தானே, விட்டுத் தள்ளுங்கள்" என்பார் மூத்தவர். மூவரும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பிழை எங்கே நேர்ந்தது, எப்போது நேர்ந்தது என்று மூவருமே கேட்பதில்லை. அதற்கு விடை தெரியாமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் காசும் காலமும் வீண்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் அரசு ஊழியர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். டெல்டாவுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. அவற்றில் முதன்மையானது எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சட்டம் தருவது எதை என்பதில் ஒரு தெளிவு வேண்டும். பதவி உயர்வு யாருக்கும் உரிமை அல்ல. தகுதி வரம்புக்குள் இருக்கும் ஒருவரைப் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்க வேண்டும் என்பது உரிமை. அதுவும் அரசியலமைப்பின் 16ஆம் பிரிவின் கீழ் வரும் அடிப்படை உரிமை. 1999இல் அஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. ஆகவே, "இருபத்தைந்து வருடம் ஒரு கறையில்லாமல் உழைத்தேன்" என்பது நெஞ்சைத் தொடும் வாக்கியமாக இருக்கலாம், வழக்காக நிற்காது. "பரிசீலனை வரம்பில் என் பெயர் இருந்தது, பணியில் எனக்கு இளையவரைப் பரிசீலித்தார்கள், என்னைப் பரிசீலிக்கவில்லை" என்றால் நிற்கும்.

பிழை எங்கே இருக்கிறது

நடைமுறையில் பெயர் விடுபடுவதற்கு மூன்று காரணங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. பணியில் யார் மூத்தவர் என்று வரிசைப்படுத்தும் முதுநிலைப் பட்டியலில் இடம் தவறியிருக்கும். அல்லது தகுதியில் ஏதோ ஒன்று குறையும். அல்லது ஒழுங்கு நடவடிக்கை குறுக்கே நிற்கும்.

தகுதிக் குறை என்றால் பெரும்பாலும் காகித விவகாரம். துறைத் தேர்வில் ஒரு தாள் பாக்கி, பவானிசாகர் அடிப்படைப் பயிற்சி முடியவில்லை, தகுதிகாண் பருவம் முடித்ததற்கான ஆணை வழங்கப்படவில்லை, வழங்கியும் பணிப்பதிவேட்டில் பதியப்படவில்லை. இவற்றுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. பேனல் தயாராகும் முன்பே பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பாதி தீர்ந்துவிடும். பயிற்சிக்கு உங்களை அனுப்பாமல் விட்டது அலுவலகம், அதே காரணத்தைச் சொல்லி விலக்கியதும் அலுவலகம் என்றால்தான் அது வழக்குக்கு ஏற்ற விவகாரமாகிறது.

ஒழுங்கு நடவடிக்கை விஷயத்தில் தேதிகளை வைத்துப் பார்க்க வேண்டும். 1991இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது இது: குற்றக் குறிப்பாணை வழங்கப்பட்ட பிறகே, குற்றவியல் வழக்கானால் குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகே, நடவடிக்கை நிலுவையில் இருப்பதாகக் கொள்ள முடியும். யாரோ அனுப்பிய மொட்டைக் கடிதமோ, கோட்டாட்சியர் நடத்தும் முதற்கட்ட விசாரணையோ அதற்குப் போதாது. பரிசீலனை நடந்த நாளில் ஒழுங்கு விதிகளின் 17(ஆ) பிரிவின் கீழான குற்றக் குறிப்பாணை உங்கள் கையில் வந்திருந்ததா இல்லையா என்பதே கேள்வி. வரவில்லை என்றால் உங்கள் நிலை வலுவானது.

மிஞ்சியிருக்கும் முதுநிலைப் பிழைதான் உண்மையில் வழக்குகளின் தாய். டெல்டாவில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் திருவாரூர் வந்தது. 2020 டிசம்பரில் நாகையிலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. மாவட்டத்தையே அலகாகக் கொண்டு முதுநிலை கணக்கிடும் துறைகளில் ஒவ்வொரு பிரிவினையின் போதும் ஊழியர்கள் பங்கிடப்படுகிறார்கள். யார் எந்தப் பக்கம், எந்த எண்ணில் என்று புதிதாக எழுதப்படுகிறது. அந்த நேரத்தில் நேர்ந்த ஒரு தவறு பத்தாண்டு கழித்து, துணை வட்டாட்சியர் பேனல் வரும்போதுதான் கண்ணில் படுகிறது. தலைமடையில் மதகு பிசகியிருக்க, கடைமடையில் நின்றுகொண்டு தண்ணீர் வரவில்லை என்று கத்திப் பயனில்லை. பேனலை மட்டும் எதிர்த்து, அதற்கு அடிப்படையான முதுநிலைப் பட்டியலை எதிர்க்காமல் போடப்படும் வழக்குகள் இப்படித்தான் தோற்கின்றன. பட்டியலை எதிர்க்காதபோது அதன்படி போட்ட பேனலில் என்ன குற்றம் என்று நீதிபதி கேட்பார். பதில் இருக்காது.

மனு: செலவில்லாதது போலத் தோன்றுவது

எல்லாரும் முதலில் தேர்ந்தெடுப்பது மனு. அது சரிதான். தற்காலிக முதுநிலைப் பட்டியலைச் சுற்றுக்கு விடும்போது ஆட்சேபணைக்குக் காலக்கெடு தருவார்கள். அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, ஒப்புதல் முத்திரையோடு நகல் வைத்திருப்பதைப் போல மலிவான பாதுகாப்பு வேறில்லை. துறைக்குள்ளேயே மேல்முறையீட்டுக்கு வழி இருக்கும்போது அதைத் தாண்டி வந்தால், "முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள்" என்று உயர் நீதிமன்றமும் திருப்பி அனுப்பக்கூடும்.

இரண்டாவது மனுவிலிருந்து தொல்லை தொடங்குகிறது. பதில் வரவில்லை என்று மூன்றாவது, பிறகு முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு ஒன்று, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒன்று, ஆட்சியர் மாறியதும் புதியவருக்கு ஒன்று. கோப்பு தடிக்கிறது, காலம் ஓடுகிறது. மனு நிலுவையில் இருக்கும் வரை தன் உரிமை உயிரோடு இருக்கிறது என்ற நம்பிக்கை நம் அலுவலகங்களில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அது தவறு. அதைத் தவறு என்று சொன்ன இரண்டு பெரிய தீர்ப்புகளும் தமிழ்நாட்டு வழக்குகளில் வந்தவை என்பதுதான் வேடிக்கை.

ஒன்று, சதாசிவசுவாமி எதிர் தமிழ்நாடு அரசு. 1957இல் தனக்கு இளையவர்களுக்கு விதியைத் தளர்த்திப் பதவி உயர்வு கொடுத்ததை எதிர்த்து ஒரு பொறியாளர் பதினான்கு ஆண்டு கழித்து நீதிமன்றம் வந்தார். இளையவரின் பதவி உயர்வால் பாதிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள், மிஞ்சிப் போனால் ஓராண்டுக்குள் வர வேண்டும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரை நூற்றாண்டு கடந்தும் அரசுத் தரப்பு எதிர்மனுக்களில் இந்தத் தீர்ப்பு தவறாமல் இடம்பெறுகிறது. மற்றொன்று, 2008இல் வந்த ஜேக்கப் எதிர் புவியியல் மற்றும் சுரங்கத் துறை இயக்குநர். செத்துப்போன கோரிக்கைக்கு ஒரு மனு போட்டு, அதைப் பரிசீலிக்கும்படி நீதிமன்றத்தில் ஆணை வாங்கி, துறை நிராகரித்ததும் அந்த நிராகரிப்பைப் புதிய வழக்குக் காரணமாகக் காட்டும் தந்திரத்தை அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகவே உரித்துக் காட்டியது. நிராகரிப்பு ஆணை புதிதாக இருக்கலாம், கோரிக்கையின் வயது குறையாது.

முதுநிலைத் திருத்தத்துக்கு இன்னொரு கெடுவும் உண்டு. பழைய பொது விதிகளின் 35ஆம் விதி, முதுநிலையைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்தை நியமனம் பெற்ற நாளிலிருந்தோ முதுநிலையை நிர்ணயித்த ஆணையிலிருந்தோ மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தி வந்தால் பரிசீலிக்காமலே தள்ளலாம் என்றது. பணியமைப்புப் பிரிவில் கோப்பு எழுதுபவர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பது இந்த மூன்று ஆண்டைத்தான்.

என் கணிப்பில், மனு என்பது ஒரே ஒரு முறை, முழு விவரத்தோடு, கெடுவுக்குள் கொடுக்க வேண்டிய ஆயுதம். பதிலுக்கு மூன்று மாதம் காத்திருக்கலாம். ஆறாவது மாதம் வரும்போது அடுத்த படியை முடிவு செய்திருக்க வேண்டும்.

பத்து ரூபாய் வேலை

மனு போட்ட அதே வாரத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் போக வேண்டும். கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மாநில தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டியிருந்தால் அதற்குத் தொண்ணூறு நாள் கெடு உண்டு. ஆனால் அங்கே நிலுவை ஏராளம்; அந்தப் பதிலை நம்பி வழக்கைத் தள்ளிப்போடக் கூடாது.

எதைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். இளையவரின் மந்தண அறிக்கையையும் (மேலதிகாரி எழுதும் ரகசிய மதிப்பீடு) அவர் மீதான குறிப்பாணை நகலையும் கேட்டால், தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் அந்த மறுப்புக்கு வலுச் சேர்த்திருக்கிறது. இறுதி முதுநிலைப் பட்டியல், பேனலுக்கான தகுதி நாள், மதிப்பிடப்பட்ட காலியிடங்களின் எண்ணிக்கை, பரிசீலிக்கப்பட்டோர் பெயர், உங்கள் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட குறிப்பு, இவற்றைக் கேளுங்கள். உங்களைப் பற்றிய ஆண்டறிக்கை மதிப்பீட்டை உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008இல் தேவ் தத் வழக்கிலும் 2013இல் சுக்தேவ் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்குக் காட்டாத ஒரு குறிப்பை வைத்து உங்களை விலக்கியிருந்தால், அந்த ஒரு தாளே வழக்கின் பாதி.

இந்தத் தாள்கள் கைக்கு வரும் முன் வழக்கறிஞரைத் தேடிப் போவது அவசரப்படுவதாகும். எதை எதிர்ப்பது என்று அவருக்கும் தெரியாது.

எந்த ஊர் நீதிமன்றம்

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கென்று ஒரு நிர்வாகத் தீர்ப்பாயம் 1988 முதல் இருந்தது. 2006இல் அது கலைக்கப்பட்டது. அன்றிலிருந்து மாநில ஊழியர் நேரே உயர் நீதிமன்றத்தில், அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ், ரிட் மனுதான் (அரசின் ஆணையை நேரடியாக எதிர்க்கும் மனு) தாக்கல் செய்ய வேண்டும்.

எந்த உயர் நீதிமன்றக் கட்டடம்? இங்கேதான் டெல்டா இரண்டாகப் பிளக்கிறது. 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளையின் எல்லைக்குள் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்கள் வருகின்றன. திருவாரூரும் நாகையும் மயிலாடுதுறையும் சென்னையிலுள்ள முதன்மை அமர்வின் கீழேயே இருக்கின்றன. கும்பகோணத்தில் வேலை பார்ப்பவர் ஒத்தக்கடைப் பக்கம் உலகனேரிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் சற்றுத் தூரத்திலுள்ள குத்தாலத்தில் வேலை பார்ப்பவர் சென்னை பாரிமுனைக்குப் போக வேண்டும். இன்னும் கிழக்கே காரைக்காலுக்குப் போனால் அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். அங்குள்ள அரசு ஊழியரின் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கே முதலில் போகாது. சென்னையில் அமரும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகும். ஒரே காவிரி நீரைக் குடிக்கும் மூன்று எழுத்தருக்கு மூன்று வாசல்.

வாசல் மாறினால் விதியும் மாறுகிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்கு எழுதப்பட்ட காலவரம்பு கிடையாது. தாமதம் நியாயமானதா என்று நீதிபதி பார்ப்பார், அவ்வளவுதான். தீர்ப்பாயத்திலோ 1985ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டம் கறாராகக் கணக்குச் சொல்கிறது: இறுதி ஆணை வந்த நாளிலிருந்து ஓராண்டு. துறைக்கு மனு கொடுத்து ஆறு மாதம் பதில் இல்லையென்றால், அந்த ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து ஓராண்டு. தஞ்சாவூர்த் தலைமை அஞ்சலகத்தில் இருப்பவருக்கும் திருச்சிக் கோட்டத்து ரயில்வே ஊழியருக்கும் இதே கணக்குத்தான். விண்ணப்பக் கட்டணம் ஐம்பது ரூபாய் மட்டுமே. தீர்ப்பாயத்தின் முடிவு பிடிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகலாம் என்பது 1997இல் வந்த சந்திரகுமார் தீர்ப்பால் உறுதியானது. எனக்கென்னவோ, இந்தக் கறாரான கணக்கு ஊழியருக்கு நல்லது என்றே தோன்றுகிறது. உயர் நீதிமன்றத்தின் தாராளம்தான் மாநில ஊழியர்களைத் தூங்க வைக்கிறது.

ஊர்த் தூரத்தைக் கண்டு மிரள வேண்டாம். ரிட் வழக்கில் சாட்சி விசாரணை இல்லை. எல்லாம் பிரமாண வாக்குமூலத்திலும் ஆவணங்களிலும் நடக்கிறது. வக்காலத்திலும் வாக்குமூலத்திலும் கையெழுத்துப் போட்ட பிறகு பெரும்பாலும் நீங்கள் போகவே வேண்டியதில்லை. செலவு பயணத்தில் இல்லை, வழக்கறிஞர் கட்டணத்திலும் காத்திருப்பிலும் இருக்கிறது.

வழக்கு போட்டால் பட்டியலே நின்றுவிடும் என்ற சங்கத்துப் பேச்சுக்கு வருவோம். பட்டியல் முழுவதையும் நிறுத்தத் தயங்கும் நீதிமன்றம், "இனி வழங்கும் பதவி உயர்வுகள் இந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவை" என்று இடைக்கால ஆணை இடுவதே வழக்கம். அதுவே போதுமானது, அந்த வரி இருந்தால் பின்னால் தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வரும்போது, "பதவியில் உட்கார்ந்தவரை எப்படி எழுப்புவது" என்ற வாதம் எடுபடாது. இன்னொரு வகை ஆணையும் அடிக்கடி கிடைக்கிறது: மனுவை எட்டு வாரத்துக்குள் பரிசீலித்து ஆணையிடுக. வெற்றி பெற்றதாக இனிப்பு வழங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீதிமன்றம் உங்கள் பக்கம் எதுவும் சொல்லவில்லை, கோப்பை அதே மேசைக்குத் திருப்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

வென்றாலும் எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு நீர்ப்பாசனக்காரர்களான டெல்டாவாசிகளுக்குப் பழக்கமான ஒரு துறையே சாட்சி. 2000ஐ ஒட்டிய காலத்துப் பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளர் தேர்வில், மதிப்பெண் வரிசையில் அல்லாமல், எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்று வகுக்கும் இடஒதுக்கீட்டுச் சுழற்சி வரிசையில் முதுநிலை வைக்கப்பட்டது. சுழற்சிப் புள்ளி முதுநிலையைத் தீர்மானிக்காது என்று 2003இலேயே பிம்லேஷ் தன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இங்கே வழக்கு நடந்து 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டியலை ரத்து செய்தது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அரசு புதிய பணி நிபந்தனைகள் சட்டத்தைக் கொண்டுவந்து, 40ஆம் பிரிவு வழியாகப் பழைய முறையைக் காக்கப் பார்த்தது. 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. தீர்ப்பைச் செயல்படுத்தாதது அவமதிப்பே என்று 2021 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. இளம் பொறியாளராகச் சேர்ந்தவர்களுக்கு அதற்குள் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அந்த வழக்கு போடத் தகுந்ததுதான். பிழை ஒருவருடையது அல்ல, பட்டியல் முழுவதையும் ஆட்டியது. வழக்காடியவர்களுக்கு இன்னும் நீண்ட பணிக்காலம் மிச்சம் இருந்தது. பலர் சேர்ந்து செலவைத் தாங்கினார்கள்.

சேர்ந்து போடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. முதுநிலை வழக்கில் ஒரே மனுவில் கையெழுத்திடும் பத்துப் பேரில் இருவர் ஒருவருக்கொருவர் போட்டியாளராக இருப்பார்கள். முதலில் யாரும் கவனிப்பதில்லை. தீர்ப்பு வரும் நேரத்தில் பிளவு வெடிக்கும்.

விட்டுவிடுவது

இதைக் கோழைத்தனம் என்று நான் எண்ணவில்லை. ஒரே பதவியில் பத்து ஆண்டு முடித்தால் தேர்வு நிலையும் இருபது ஆண்டு முடித்தால் சிறப்பு நிலையும் கிடைக்கின்றன. பதவிப் பெயர் மாறாவிட்டாலும் சம்பள இடைவெளி ஓரளவு அடைபடுகிறது. ஓய்வு வயது அறுபது. இன்னும் இரண்டு ஆண்டே இருப்பவர், தனிநபர் பிழைக்காக வழக்குப் போட்டால் தீர்ப்பு வீட்டு முகவரிக்குத்தான் வரும்.

அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்து பழைய ஓய்வூதியத்தில் இருப்பவருக்குக் கடைசிச் சம்பளமே ஓய்வூதியத்தின் அடிப்படை. ஏட்டளவில் பதவி உயர்வு கிடைத்தாலும் அந்த அடிப்படை உயரும். வாழ்நாள் முழுதும், பிறகு குடும்ப ஓய்வூதியத்திலும் அது தொடரும். இவர்கள் ஓய்வுக்கு முன்பே வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு ஓய்வு பெறலாம். முன் தேதியிட்ட சம்பள நிலுவை கிடைக்குமா என்பது வேறு கேள்வி. வேலை பார்க்காத காலத்துக்குச் சம்பளம் இல்லை என்று அரசு வாதிடும். வேலை பார்க்க முன்வந்தவரைத் துறையே தடுத்திருந்தால் அந்த வாதம் தானாக வெல்லாது என்று ஜானகிராமன் தீர்ப்பும், 2007இல் பாஸ்கரன் பிள்ளை வழக்கும் காட்டுகின்றன. ஆனாலும் நிலுவையை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு வேறு கதை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்குப் பதவி உயர்வு வேண்டுமானால் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி கட்டாயம் என்றது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கும் குறைவாக இருப்பவர் தேர்ச்சியின்றிப் பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. திருத்துறைப்பூண்டியில் இருக்கும் ஓர் இடைநிலை ஆசிரியர் இதை எதிர்த்துத் தனியாக ரிட் போடுவதில் பொருளில்லை. அந்தப் பணத்தில் தேர்வுக்குப் புத்தகம் வாங்கலாம்.

ஆக, என் வரிசை இது. தகுதிக் குறை என்றால் மனுவும் பணிப்பதிவேடும் போதும். குறிப்பாணை பிந்தி வந்திருந்தால் வழக்கு, அதுவும் உடனே. முதுநிலைப் பிழை மூன்று ஆண்டுக்குள் என்றால் ஆட்சேபணை, தகவல் மனு, ஆறு மாதத்தில் ரிட். பட்டியலையும் பேனலையும் சேர்த்தே எதிர்க்க வேண்டும். பத்தாண்டுப் பழைய பிழை, இளையவர்கள் இரண்டு படி ஏறிவிட்டார்கள் என்றால், சம்பளம் தொடர்பான குறை ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் பிரித்தது: மாதாமாதம் குறைந்துவரும் சம்பளமோ ஓய்வூதியமோ என்றால் தாமதத்தை ஓரளவு பொறுக்கலாம், பிறரின் முதுநிலையைக் கலைக்கும் கோரிக்கை என்றால் பொறுக்க முடியாது.

வழக்கு என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒன்று. உங்களுக்கு மேலே போன இளையவர்களை எதிர்மனுதாரர்களாகச் சேர்க்காமல் போட்ட வழக்கு அந்தக் காரணத்துக்காகவே தள்ளுபடியாகலாம்; எண்ணிக்கை மிகுதி என்றால் சிலரையாவது பிரதிநிதிகளாகச் சேர்க்க வேண்டும். அந்தச் சிலரில் ஒருவர் அடுத்த மேசைக்காரராக இருப்பார். உங்கள் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவராகவும் இருப்பார். நீதிமன்ற நோட்டீஸ் தபாலில் வந்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். தாக்கல் செய்யும் முன்பே அவரிடம் நேரில் போய், பட்டியலில் எந்த எண்ணை எதிர்க்கிறீர்கள், ஏன் எதிர்க்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.